குதிரைத்திறன் மட்டும் போதாது

(அதிவேகப் படகுகளில் டர்பைன் எஞ்சின்கள் குறித்த கருத்தரங்கைத் தொடங்கிவைத்து ஆற்றிய தலைமை உரை)

 

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எஞ்சினுக்கு ஓர் அமர்வு, படகின் உடலுக்கு ஓர் அமர்வு, புரொப்பல்லருக்கு ஓர் அமர்வு, ஓட்டுநர் பாதுகாப்புக்கு ஓர் அமர்வு என்று பிரித்திருக்கிறார்கள். வசதிக்காகச் செய்த பிரிவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீரில் டர்பைன் ஓடிய வரலாறு இந்தப் பிரிவுக்குக் கட்டுப்படவில்லை. வேகம் நின்றுபோன இடங்களை எடுத்துப் பார்த்தால், எஞ்சினின் வலிமை தீர்ந்துபோன இடங்கள் மிகக் குறைவு. எஞ்சினும் படகும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தடை வந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

தொடக்கம் கடற்படையில். 1947-இல் பிரிட்டனின் எம்.ஜி.பி. 2009 என்ற சிறு போர்ப்படகில் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனத்தின் டர்பைனைப் பொருத்தினார்கள். மூன்று தண்டுகளில் நடுத்தண்டுக்கு மட்டும் டர்பைன். இரு பக்கமும் பழைய பெட்ரோல் எஞ்சின்கள். பதினோர் ஆண்டு கழித்து வாஸ்பர் நிறுவனம் கட்டிய 'பிரேவ் பார்டரர்' மூன்று பிரிஸ்டல் புரோட்டியஸ் டர்பைன்களோடு வந்தது. ஒவ்வொன்றும் 3,500 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 50 கடல்மைலுக்கு மேல். டர்பைனை நாடியதற்கு எடை குறைவு என்பது ஒரு காரணம். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் அபாயம் ஒழிந்தது என்பது கடற்படைக்கு இன்னொரு பெரிய காரணம்.

சாதனை வேகத்தைத் துரத்தியவர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் புரொப்பல்லரையே கழற்றிவிட்டு ஜெட்டின் உந்துதலை நேரடியாகப் பயன்படுத்தினார்கள். 1952-இல் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 'குரூசேடர்' படகு உடைந்து, அதை ஓட்டிய ஜான் காப் இறந்தார். 1955-இல் டொனால்ட் கேம்ப்பெல் தம் 'புளூபேர்ட் கே7' படகில் மணிக்கு 325 கிலோமீட்டரைத் தாண்டினார். பின்னாளில் அதே படகுக்கு, இன்னும் வலிமை கூடிய ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்தினார். 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் முதல் ஓட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 479 கிலோமீட்டர். தண்ணீர் அடங்கும்வரை காத்திராமல் உடனே திரும்பினார். இரண்டாம் ஓட்டத்தில் மூக்கு தூக்கி, படகு புரண்டு, உயிரிழந்தார். புதிய எஞ்சின் தந்த வேகத்தைப் பழைய உடல் தாங்கவில்லை.

ஆஸ்திரேலியரான கென் வார்பியின் கதை இதற்கு நேர்மாறானது. ராணுவம் கழித்துப்போட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 எஞ்சினை மலிவாக வாங்கி, சிட்னியில் தம் வீட்டுக் கொல்லையிலேயே மரத்தாலும் கண்ணாடியிழையாலும் 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா'வைக் கட்டினார். 1978 அக்டோபர் 8 அன்று பிளோவரிங் அணையில் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அதன்பின் எத்தனையோ வலிமையான ஜெட் எஞ்சின்கள் வந்துவிட்டன, படகுதான் வரவில்லை.

இனிப் பந்தயக் களத்துக்கு வருவோம். அமெரிக்காவின் 'அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன்' பந்தயங்களில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் போர்விமான எஞ்சின்களான ஆலிசன், மெர்லின், கிரிஃபன் ஆகியவைதான் ஆண்டன. வியட்நாம் போருக்குப் பின் சினூக் ஹெலிகாப்டரின் லைகமிங் டி55 டர்பைன்கள் உபரியாகக் கைக்கு வந்தன. மெர்லினின் எடை சுமார் 750 கிலோ. டி55 அதில் பாதிகூட இல்லை. குதிரைத்திறனோ 2,800-க்கு மேல். 1982-இல் ஜான் வால்டர்ஸ் ஓட்டிய 'பே 'ன் பேக்' டர்பைனுக்கு முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிஸ்டன் எஞ்சின்கள் ஏறத்தாழ ஓரங்கட்டப்பட்டன.

இந்த டி55 எஞ்சினின் உள்ளே சற்றுப் பார்ப்போம். காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்து, சூடான வாயுவை உண்டாக்கும் பகுதி ஒன்று. அந்த வாயுவால் சுழன்று கியர்பாக்ஸுக்குத் திறன் தரும் டர்பைன் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே தண்டுத் தொடர்பு கிடையாது. வாயு மட்டுமே இணைப்பு. ஹெலிகாப்டரில் இது சுகமான ஏற்பாடு. ஹைட்ரோபிளேனிலோ புரொப்பல்லரில் பாதிதான் தண்ணீரில் இருக்கும். ஓர் அலை தட்டினால் முழுவதும் வெளியே வந்துவிடும். அந்தக் கணத்தில் சுமை போய்விடுகிறது. வாயுவின் தள்ளுதல் போவதில்லை. நிமிடத்துக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றில் ஓடும் டர்பைன் கட்டுமீறிச் சுழன்று, அலகுகள் சிதறிவிடலாம். அதனால்தான் அணிகள் அதன் சுழற்சி வேகத்தைக் கண்ணும் கருத்துமாகக் கண்காணிக்கின்றன. இது எஞ்சின் பிரச்சினையா, புரொப்பல்லர் பிரச்சினையா, அலையின் பிரச்சினையா? எந்த அமர்வில் இதைப் பேசுவீர்கள்?

இந்த எஞ்சின்களின் திறனைக் கட்டுக்குள் வைக்கப் பந்தய விதி வகுத்தவர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். எஞ்சினைச் சிறிதாக்கச் சொல்லாமல், அதற்குப் போகும் எரிபொருளை அளந்தார்கள். டி55 நிமிடத்துக்கு 4.3 கேலன், அதாவது சுமார் 16 லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று வரம்பிட்டார்கள். மீறினால் தண்டனை. இதனால் வெற்றி எரிபொருள் வால்வைத் திறப்பவரிடமிருந்து, அந்தப் பதினாறு லிட்டரை வீணாக்காத படகைக் கட்டுபவரிடம் போனது.

பாதுகாப்பிலும் இதே பாடம்தான். 1981-இல் அகாபுல்கோவில் பில் மன்சியும், 1982-இல் கொலம்பியா ஆற்றில் டீன் செனொவெத்தும் என இரு ஹைட்ரோபிளேன் ஓட்டுநர்கள் படகு காற்றில் புரண்டு இறந்தார்கள். இருவர் படகிலும் இருந்தவை பிஸ்டன் எஞ்சின்கள் என்பதைக் கவனியுங்கள். படகுக்கு அடியில் புகும் காற்று என்ன எஞ்சின் என்று கேட்பதில்லை. 1980-களின் நடுவில் எஃப்-16 போர்விமானத்தின் கண்ணாடிக் கூண்டு ஓட்டுநருக்கு மேல் வந்தது. முன்சிறகைக் கால் பெடலால் சாய்த்து மூக்கை அடக்கும் ஏற்பாடும், கவிழ்ந்தால் வெளியேற அடிப்பகுதியில் ஒரு கதவும் வழக்கமாயின. இப்போதெல்லாம் புரண்ட படகிலிருந்து ஓட்டுநர் நடந்து வருவதைப் பார்க்கிறோம்.

டர்பைனின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முழுத்திறனில் ஓடும்போது அது சிறப்பாக ஓடும். குறைந்த திறனில் எரிபொருளை வாரி இறைக்கும். கடற்காற்றின் உப்பு அழுத்தியின் அலகுகளில் படிந்து திறனைத் தின்னும். நன்னீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். 1992-இல் 'டெஸ்ட்ரியேரோ' என்ற கப்பல் மூன்று ஜி.இ. டர்பைன்களோடு அட்லாண்டிக்கை மணிக்குச் சராசரி 53 கடல்மைல் வேகத்தில் கடந்தது; அத்தகைய ஒரே நோக்கப் பயணத்துக்கு டர்பைன் பொருத்தம். மெதுவாக வலை இழுக்கும் நம் மீன்பிடி விசைப்படகுக்கு டீசலே சரி. அதை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

எனவே அமைப்பாளர்களிடமும் உங்களிடமும் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, எஞ்சின் பற்றிக் கட்டுரை படிப்பவர்கள் படகுடல் அமர்வில் போய் உட்காருங்கள். படகுடல் பற்றிப் படிப்பவர்கள் எஞ்சின் அமர்வுக்கு வரட்டும். இரண்டாவது, சோதனை மேடையில் எடுத்த குதிரைத்திறன் வரைபடத்தை மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். கியர்பாக்ஸில் எவ்வளவு போனது, புரொப்பல்லரில் எவ்வளவு போனது, படகு எந்த வேகத்தில் மூக்குத் தூக்கியது என்பதையும் சேர்த்துத் தாருங்கள். சோதனையில் உடைந்தவற்றையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள். அடுத்துப் படகு கட்டுபவருக்கு மிகவும் பயன்படப்போவது அந்தப் பக்கங்கள்தான்.

இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.