மலைப்பாதையில் மிதிவண்டி

மிதிவண்டி என்றவுடன் தார்ச்சாலையும், கல்லூரி வாயிலில் வரிசையாக நிற்கும் வண்டிகளுமே நமக்கு நினைவுக்கு வரும். சாலையே இல்லாத மலைச்சரிவில், கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் செலுத்துவதற்கென்றே அமைந்த மிதிவண்டியும் ஒன்று உண்டு. அகன்ற டயரும் உறுதியான சட்டமும் கொண்ட அதனை மலை மிதிவண்டி என்கிறோம். அவ்வண்டி பிறந்த கதையையும், பிறந்த இடத்திலேயே அதற்கு வழி அடைபட்ட கதையையும், அடைபட்ட வழி எவ்வாறு திறக்கும் என்பதையும் இன்று உங்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். மலையில் நடப்பதிலும் மிதிவண்டி செலுத்துவதிலும் ஒருங்கே விருப்பம் உடையவன் நான். ஆதலால் இவ்வழக்கில் இரு திறத்தாரின் உள்ளமும் எனக்கு ஓரளவு விளங்கும்.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் என்னும் மாவட்டத்தை அடையலாம். அங்கே சுமார் 2,570 அடி உயரமுள்ள தமால்பைஸ் மலை நிற்கிறது. அதன் அருகே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூர் உள்ளது. 1970-களில் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட தடித்த டயருடைய பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டனர். காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வண்டிகளுக்காக மலையில் வெட்டப்பட்டிருந்த மண்சாலைகளில் அவற்றை ஓட்டி மகிழ்ந்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அத்தகைய சாலை ஒன்றில் முதற்பந்தயம் நடந்தது. தூரம் இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். அதற்குள் சாலை சுமார் 1,300 அடி கீழிறங்குகிறது. அப்பழைய வண்டிகளில், மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்குதான் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் அந்தக் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் சொல்லே அப்பந்தயத்துக்குப் பெயராயிற்று. அதில் கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 விநாடியில் கீழே வந்து சேர்ந்தார். சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 29 மைல் வேகம்!

விளையாட்டாகத் தொடங்கியது விரைவில் தொழிலாயிற்று. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலையில் ஓட்டுவதற்கென்றே புதிதாக ஒரு சட்டத்தைச் செய்து முடித்தார். 1979-இல் சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும், டாம் ரிட்சி செய்த சட்டங்களைக் கொண்டு இவ்வண்டிகளை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. ஒரு சிற்றூர் மலையிலிருந்து உலக அரங்கத்துக்கு வர இருபது ஆண்டுகளே ஆயின.

ஆனால், அதே மரின் மாவட்டத்தில் என்ன நேர்ந்தது தெரியுமா? மலையின் பெரும்பகுதி குடிநீர் வழங்கும் வாரியத்துக்கு உரிய நீர்ப்பிடிப்பு நிலம். அங்கே மிதிவண்டிகள் அகன்ற தீத்தடுப்புச் சாலைகளில் மட்டுமே செல்லலாம் என்ற விதி வந்தது. அந்தச் சாலைகளிலும் மணிக்கு 15 மைலுக்கு மேற்படலாகாது. எதிர்வருபவரைக் காணமுடியாத வளைவிலும், பிறரைக் கடக்கும்போதும் 5 மைலுக்கு மேற்படலாகாது. ஒற்றையடிப் பாதைகள் பல பத்தாண்டுகள் அவர்களுக்கு அடைபட்டே கிடந்தன. நாடு முழுவதிலுமே இத்தகைய அடைப்புகள் நேர்ந்தன. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், மனிதக் கை படாமல் காக்கப்படும் காடுகளில் இயந்திரப் போக்குவரத்தை விலக்கியிருந்தது. அவ்விலக்கு மிதிவண்டிக்கும் பொருந்தும் என்பதை 1984-இல் வனத்துறை விதி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக்கியது. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைக் கண்ட கலிபோர்னியாச் சங்கங்கள் 1988-இல் ஒன்றுகூடி, அனைத்துலக மலை மிதிவண்டிச் சங்கம் ஒன்றை நிறுவின. அச்சங்கம் தன்னைச் சேர்ந்தவர்களுக்கு நடத்தை விதிகளையும் வகுத்தது.

அடைத்தவர்கள் சொன்ன காரணங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, மண் கெடுகிறது என்பது. மற்றொன்று, நடப்பவர்க்கு அச்சமாக இருக்கிறது என்பது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

மலைப்பாதைக்குப் பெரும்பகை தண்ணீர். பாதை நடுவே பள்ளம் விழுந்தால், மழைநீர் அதனையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை வாரிச் செல்லும். இப்பள்ளத்தை மிதிவண்டிதான் உண்டாக்குகிறதா? மொன்டானா மாநிலத்து மலைப்பாதைகளில் செய்து 1994-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மிதிவண்டி ஆகிய நான்கையும் ஒப்பிட்டது. நனைந்த பாதையில், சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களுமே மிகுதியாக மண்ணைப் பெயர்த்தன என்று அது கண்டது. ஆயினும், உருளும் சக்கரம் வேறு; பிரேக்கால் பூட்டுண்டு இழுபடும் சக்கரம் வேறு. இழுபடும் சக்கரம் ஏர்போல உழுதுகொண்டு போகும். சேறான நாளில் ஓட்டுவதும், குட்டையைச் சுற்றிப் புதுத்தடம் போடுவதும் பாதையைப் பாழாக்கும் செயல்களே. ஆகவே, மண் கெடுவது பெரும்பாலும் ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

அச்சத்தின் கணக்கு இன்னும் எளியது. மணிக்கு 15 மைல் என்றால் விநாடிக்கு 22 அடி. வளைவில் 40 அடி தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே முதியவர் ஒருவர் வந்தால், இரண்டு விநாடிகூட இல்லாமல் வண்டி அவர்மேல் வந்து நிற்கும். மணிக்கு 5 மைல் வேகமாயின் ஐந்து விநாடிக்கு மேல் கிடைக்கிறது, இருவரும் ஒதுங்கிக்கொள்ளலாம். மிதிவண்டி ஓசையின்றி வருவதால் கிலி இரட்டிப்பாகிறது. குதிரையோ இயல்பிலேயே மிரளும் பிராணி. அதன் எதிரில் வந்தால் வண்டியை நிறுத்தி, சரிவின் தாழ்ந்த பக்கமாக ஒதுங்கி நின்று, வாய்திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டால், வந்திருப்பது மனிதன்தான் என்று குதிரை தெளியும். எவரும் அடிபடாமற்போனாலும், ஒருமுறை நடுங்கியவர் மறுநாள் மனு எழுதுவார். பாதைகள் மூடப்பட்டதில் மண்ணைவிட இந்த நடுக்கத்துக்கே பங்கு மிகுதி என்பது என் துணிபு.

இதற்கு மாற்று வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் மிதிவண்டி செல்லும் உரிமையை வழங்கியது. நடப்பவர்க்கும் குதிரைமேல் வருவோர்க்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் உரிமையோடு சேர்த்தே அது விதித்தது. வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த மலை ஸ்னோடன். 1,085 மீட்டர் உயரம். அதன் உச்சிக்குச் செல்லும் குதிரைப் பாதைகளில் கோடைகாலத்தில் நடப்பவர் கூட்டம் நெருங்கும். அங்கே ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மே முதல் நாளிலிருந்து செப்டம்பர் 30 வரை, காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே மிதிவண்டிகள் அப்பாதைகளில் செல்வதில்லை. இது சட்டத்தின் தடையன்று. ஓட்டுபவர்கள் தாமே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. விடியலிலும் அந்தியிலும் மலை அவர்களுக்குத் திறந்திருக்கிறது. பகல் முழுவதையும் விட்டுக்கொடுத்து அவர்கள் மலையைக் காத்துக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே 2003-இல் இயற்றப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், நடப்பவர்க்கும் குதிரைமேல் வருவோர்க்கும் மிதிவண்டிக்கும் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையை ஒருசேர வழங்கியது. ஆனால், பொறுப்போடு நடந்துகொள்பவர்க்கே அவ்வுரிமை. பிறர் நலனை மதித்தல், சுற்றுச்சூழலைப் பேணுதல், தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்றல் என்னும் மூன்று நெறிகள் அதற்கு அடிப்படை.

ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லாரையும் தண்டிப்பது நியாயமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். முற்றும் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாக நடந்து வந்ததனாலேயே பாதை தமக்கு மட்டும் சொந்தம் என்று நடப்பவர் எண்ணுவதும் முறையன்று. ஆயினும், பாதையைக் காப்பவருக்கு ஓட்டுபவரின் பெயர் தெரியாது. மிதிவண்டி ஒன்று வந்தது என்பதே தெரியும். ஆகையால், வளைவில் ஒவ்வொருவரும் தம் இனத்தார் அனைவருக்கும் தூதராகவே வருகிறார். தவிர, எல்லாப் பாதையும் எல்லார்க்கும் என்பதும் பொருந்தாது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் உரிய அனுமதியின்றி எவரும் பொழுதுபோக்குக்காக நுழைதல் ஆகாது. ஓசையின்றி விரையும் வண்டி யானையின் எதிரில் போய் நின்றால் என்னவாகும் என்று எண்ணினால், அவ்விதியின் அருமை விளங்கும்.

மாணவர்களே! மலைப்பாதையில் வண்டி செலுத்தும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், முதலில் அப்பாதை திறந்த பாதைதானா என்று கேட்டறியுங்கள். வளைவுக்கு முன்பே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள். ஏறி வருபவர்க்கு இறங்குபவர் வழிவிடுங்கள். மழை பெய்து மண் இளகியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். ஆண்டில் சில நாளேனும் மண்வெட்டி எடுத்துச் சென்று பாதையைச் செப்பனிட உதவுங்கள். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாமலும், நீர் வழிந்தோடும்படி வெளிப்புறம் சற்றே சாய்ந்தும் அமைந்த பாதை நெடுநாள் நிலைக்கும். தன் கையால் அத்தகைய பாதையை ஒருநாள் அமைத்தவன், மறுநாள் அதில் சக்கரத்தை இழுத்து உழமாட்டான். பாதையைத் திறக்கச் சட்டம் வேண்டும். திறந்த பாதை மூடாதிருக்க நல்ல பழக்கம் வேண்டும்.