பாகூர்ச் செப்பேடும் பள்ளிக் கணிப்பொறியும்



பாகூர் என்றவுடன் உழவர்க்கு ஏரி நினைவுக்கு வரும். வரலாறு கற்றோர்க்கு ஒரு செப்பேடு நினைவுக்கு வரும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ வேந்தன் நிருபதுங்கவன்மன் காலத்தில் எழுந்தது அச்செப்பேடு. மூன்று ஊர்களின் வருவாய், பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு உரிமையாக்கப்பட்டதை அது கூறுகின்றது. அக்கல்விச்சாலையை அது 'வித்தியாத்தானம்' என்று குறிக்கின்றது. அங்கே எம்மொழி கோலோச்சியது என்பதற்கு அப்பெயரே சான்று. உழுதவன் தமிழன், விளைத்தவன் தமிழன், அவன் நெல்லில் நடந்த கல்வியோ அவன் மகனுக்கு எட்டாத மொழியில் நடந்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தன. பிரெஞ்சுக்காரர் வந்தனர், 1954-இல் ஆட்சியை விட்டு அகன்றனர். 'கொம்யூன்' என்னும் அவர்கள் சொல் இன்றும் வில்லியனூரிலும் பாகூரிலும் வழங்குகின்றது. 1965-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் தந்தது. ஆயினும் இன்று சிற்றூர்ப் பள்ளியில் ஒரு கணிப்பொறியை இயக்கினால் திரையில் விரிவது என்ன? ஆங்கிலம்! மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொறி, மக்கள் மொழியைப் பேசவில்லை. பழைய வித்தியாத்தானம் புதிய உருவில் வந்துள்ளது என்பதன்றி இதற்கு வேறு பெயர் உண்டோ?

"ஆங்கிலம் கற்க வேண்டாவா?" என்று சிலர் வினவுவர். கற்கட்டும், ஒரு மொழியாகக் கற்கட்டும். ஆனால் எண்ணவும் வரையவும் தொடங்கும் ஆறு அகவைக் குழந்தை, 'சேமி' என்பதற்கும் 'அழி' என்பதற்கும் அயற்சொல்லை நெட்டுருச் செய்தபின்தான் பொறியைத் தொடவேண்டும் என்பது கல்வியன்று, தண்டனை.

இதற்கு வழி இல்லையா? உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பது அவ்வழி. 1983-இல் அமெரிக்கராகிய இரிச்சர்டு சுடால்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டு 'இலினக்சு' என்னும் கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்து எழுந்த இயங்குதளத்தை எவரும் பயன்படுத்தலாம், அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். அது பாகூர் ஏரியைப் போன்றது. நீர் எல்லார்க்கும் உரியது. கரையைக் காப்பதும் எல்லார் கடன். தனி நிறுவனத்தின் மென்பொருளோ பூட்டிய கிணறு. அதில் தமிழ் வேண்டுமாயின் உடையவன் மனம் இரங்க வேண்டும்.

பூட்டிய கிணற்றுக்கு மற்றொரு தீங்கும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் 'விண்டோசு 10' இயங்குதளத்திற்குரிய பொதுப் பேணுகையை அதன் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த பதிப்போ பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்கு இயங்கும் பொறிகள் ஒரே நாளில் பழையன ஆயின! எடை குறைந்த முகப்புடன் கூடிய இலினக்சை நிறுவினால், குறைந்த நினைவகம் உடைய அத்தகைய பொறிகளும் பள்ளிக்குப் பல்லாண்டு உழைக்கும். பணமுள்ள பள்ளி புதியது வாங்கிக்கொள்ளும். சிற்றூர்ப் பள்ளிக்கு இதுவே உய்வு.

இது வெறுங்கனவு அன்று. அண்டை மாநிலமாகிய கேரளம் 2001-இல் பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களையே பயிற்றுநர் ஆக்கியது. மலையாளத்தைத் திரையில் ஏற்றியது. மலையாளிக்கு இயன்றது தமிழனுக்கு இயலாதா? புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் உள்ளனர். விழுப்புரத்தில் இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்குப் பயிற்சி அளிக்கின்றனர். கைகள் உள்ளன, அவற்றோடு தமிழாசிரியர் கை இன்னும் கோக்கவில்லை.

குழந்தைகளுக்கென்றே 'செகோம்பிரி' என்னும் விளையாட்டுக் கல்வி மென்பொருள் உண்டு. 2000-இல் பிரெஞ்சு நாட்டார் ஒருவர் தொடங்கியது. 'எனக்குப் புரிந்தது' என்பதே அப்பெயரின் பிரெஞ்சுப் பொருள்.  அதையே தமிழில் சொல்லவைக்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை; கட்டற்றது ஆகலின்.

விசைப்பலகையும் நமக்கு உண்டு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' பலகையில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. இம் முப்பத்தொரு விசைகளால் 247 எழுத்துகளும் பிறக்கின்றன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணத்தைக் குழந்தை விரல் நுனியால் கற்கின்றது. ஆங்கில ஒலிபெயர்ப்பில் தமிழை அடிக்கப் பழக்குவோர் இவ்வரிய வாய்ப்பைக் கெடுக்கின்றனர்.

ஒன்றை மறைத்தல் கூடாது. இலினக்சை நிறுவி ஆங்கில முகப்பையே விட்டுவைத்தால் செலவு குறையும். தமிழுக்கு ஒன்றும் ஆகாது. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய்த் திரை நின்றால் குழந்தை தமிழையே குறை சொல்லும். பொறியே மொழிபெயர்த்த பொருந்தாச் சொற்கள் அதனினும் தீங்கு. தூய சொற்களை ஆக்கிக் கட்டுரைகளில் அடுக்கி வைத்தது போதும். அச்சொற்கள் மென்பொருளின் சொற்பட்டியலில் ஏறவேண்டும். குழந்தையின் முன் ஆய்ந்து பார்க்கப்பட வேண்டும். விளங்காச் சொல்லைத் திருத்தும் துணிவும் வேண்டும். இது நிரல் எழுதுவோர் பணியன்று. தமிழ் கற்றோர் பணி.

ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் பள்ளியில் ஒரே ஒரு பழைய பொறியைத் தேர்ந்து, அதைத் தமிழ் பேச வைக்கட்டும். பாகூர் நெல்லில் நடக்கும் கல்வி, இம்முறையேனும் பாகூர்க் குழந்தையின் மொழியில் நடக்கட்டும்.

வெல்க தமிழ்!