வெள்வேலும் ஹாப் கொடியும்



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் வழியில், மேட்டு நிலங்களின் வரப்புகளில் முள்மரம் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். குடை விரித்தாற்போலத் தலை பரந்திருக்கும். பட்டை மஞ்சள் கலந்த வெண்ணிறமாயிருக்கும். அதுவே வெள்வேல். கருவேலுக்குப் பட்டை கருமை, பூ பொன்மஞ்சள், காய் மணி கோத்த மாலை போன்றது. வெள்வேலின் பூவோ வெளிறிய நிறத்தது. கிளை நுனிகளில் பெருங்கொத்தாக மலரும். காயை ஆடு விரும்பித் தின்னும். மரம் உழவுக் கருவிகளுக்கு உதவும். இத்தனை நல்ல மரத்திற்குக் கூச்சந் தரும் புகழ் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று, 'சாராயம் வடிப்போரின் வேல்' என்று பொருள்படுவது. நம் பக்கத்தில் 'பட்டைச் சாராயம்' என்னும் சொல்லில் வரும் பட்டை இம்மரத்தினுடையதே.

1988-ஆம் ஆண்டு நான் இம்மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாயிருந்தேன். துவர்ப்புப் பொருள்கள் சிலவற்றைக் கொண்டுவருமாறு ஒன்பதாம் வகுப்பு மாணவரைப் பணித்தேன். கடுக்காய் வந்தது, ஆவாரம்பட்டை வந்தது, மாதுளைத்தோல் வந்தது. ஒரு பையன் மட்டும் வெள்வேலம்பட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். "சாராயப் பட்டை!" என்று வகுப்பு முழுதும் நகைத்தது. அரசு 1987 தொடக்கத்திலேயே சாராயக் கடைகளையும் கள்ளுக் கடைகளையும் மூடிவிட்டபடியால், அப்பட்டை எவருடைய வீட்டில் இருந்தாலும் ஐயத்திற்கு இடமளிப்பதாயிற்று. "இதை எதற்குடா கொண்டுவந்தாய்?" என்றேன். அவன் அஞ்சாமல், "பட்டை போடலீங்கன்னா ஊறல் கெட்டுப் போயிருமுங்க, சார்" என்றான். நான் பட்டையைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்தேன். தந்தையை அழைத்து வரும்படி சொன்னேன். மறுநாள் அவன் வரவில்லை. அதன்பின்னும் வரவில்லை.

ஓராண்டு கழித்து, நூலகத்தில் தாவரப் பயன்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றைப் புரட்டுகையில் வெள்வேலைக் கண்டேன். சர்க்கரைக் கரைசலிலும் பனஞ்சாற்றிலும் உள்ள புரதப் பொருள்களை இப்பட்டையின் டானின் திரளச் செய்து அடியில் படிவிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. பையன் சொன்னதில் பிழையில்லை; பாடத்துக்கு அவன் கொண்டுவந்ததே மிகப் பொருத்தமான பொருள்.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம், சாராயம் வேண்டியதில்லை. கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரை வடித்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெண்கருவை நீரில் கலக்கி, அதில் கடுக்காய் நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். தெளிந்திருந்த நீர் பால்போல் கலங்கும்; பிறகு நூல்நூலாகத் திரிந்து படியும். டானின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் விளைவு இது. தோல் பதனிடுவதும் இதே வேலைதான். ஆட்டுத்தோலில் உள்ள புரதத்தை ஆவாரம்பட்டையின் டானின் பற்றிக்கொள்வதாலேயே அது அழுகாமல் நிற்கிறது. காய்வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இறுகுவதும் இதனாலேயே. நம் எச்சிலிலும் புரதம் இருக்கிறதல்லவா?

இனிக் கடல் கடந்து செல்வோம். ஆங்கிலேயர் முற்காலத்தில் முளைகட்டிய பார்லியிலிருந்து செய்த 'ஏல்' என்னும் பானத்தில் ஹாப் சேர்ப்பதில்லை. அது விரைவில் புளித்துவிடும். ஹாப் இட்டுக் காய்ச்சும் பீர், வடகடலுக்கு அப்பாலிருந்து வந்து, பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வேரூன்றியது. ஹாப் என்பது ஆண் வேறு பெண் வேறாக வளரும் கொடி. பெண்கொடியின் பச்சைநிறப் பூங்கதிரைப் பிளந்தால், இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். பீரின் கசப்பும் மணமும் அப்பொடியில்தான் உள்ளன. கொதிக்கும்போது கசப்பு அமிலங்கள் வடிவம் மாறிக் கரைகின்றன. பானத்தைப் புளிக்கச் செய்யும் கிருமிகளை அவை அடக்குகின்றன. ஆனால் சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்டை விட்டுவிடுகின்றன. ஹாப்பிலுள்ள டானினோ, நம் வெள்வேலைப் போலவே புரதத்தைப் படிவிக்கிறது. கென்ட் மாவட்டத்தின் 'கோல்டிங்' என்னும் வகை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மென்மையான மணத்திற்குப் பெயர்பெற்றது. மரக்கலங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் வெயிலிலும் அலையிலும் இந்தியாவுக்கு வந்த நாட்களில், ஹாப் மிகுதியாக இட்ட பீரே கெடாமல் வந்து சேர்ந்தது.

சேலத்தில் ஹாப் பயிராகுமா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கென்டில் ஆனி மாதப் பகல் பதினாறு மணிக்கும் மேல் நீளும்; நமது மிக நீண்ட பகலோ பன்னிரண்டே முக்கால் மணியளவே. நெடிய பகலும் குளிர்ந்த பருவமும் இன்றி அக்கொடி ஒழுங்காகப் பூக்காது. இந்தியாவில் இமாசலத்து லாகுல் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிட்டிருக்கிறார்கள். நமக்கு அது அமையாது. நமக்கு வாய்த்தது முள்மரம்.

ஆனால் இரண்டுக்கும் கிட்டிய வாழ்வு ஒன்றன்று. ஹாப்புக்குத் தோட்டமும் உலர்த்தும் கூடமும் சந்தையும் அமைந்தன. வெள்வேலம்பட்டையோ இருளில் உரிக்கப்பட்டது. மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது நமது சேலம் மாவட்டத்திலேதான். இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று அதில் அடங்கியது. சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி அப்போது சென்னை மாகாணப் பிரதமர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் தாம் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்தே அவர் மதுவிலக்கைப் பரப்பியவர். அதற்கென 'விமோசனம்' என்னும் இதழும் நடத்தினார், கல்கி அதில் துணைநின்றார். குடியால் நொறுங்கிய குடிசைகளை நான் கண்டவன். ஆகவே மதுவிலக்கை ஏளனம் செய்யேன். எனினும் குற்றம் குடியினுடையது, மரத்தினுடையதன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, "பட்டைச் சாராயத்தின் கொடுமை" என்று என் அண்டை வீட்டார் ஒருவர் சொன்னார். அன்று உயிர் குடித்தது மெத்தனால் என்னும் ஆலை இரசாயனம். பட்டை அதில் எப்பாவமும் அறியாது.

அந்தப் பையனை நான் தேடிச் சென்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்குத் திரும்பி வருமாறு அழைத்தேன், சிரித்து மறுத்துவிட்டான். நான் நூலில் படித்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டையைச் சுத்தி உரிச்சா மரம் பட்டுப் போயிருமுங்க, சார். ஒரு பக்கமாத்தான் உரிக்கோணும். எங்கப்பா அப்பிடித்தான் செய்வாருங்க" என்றான்.

இலையில் உண்டான உணவு பட்டையின் உட்புறமாகவே வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினியால் மடியும். அடுத்த ஆண்டு வகுப்பில் இப்பாடம் வந்தபோது, வெள்வேலையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். யார் சொல்லித் தந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.