சிறுவர் கதையும் பெரியவர் தலையும்

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இந்த வாசகசாலைக்கு மூன்று இங்கிலீஷ் சிறுவர் கதைப் புஸ்தகங்கள் வாங்கியதைப் பற்றி ஊரில் ஏதோ பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். "புராணங்களைக் கட்டுக்கதை என்று சந்து பொந்தெல்லாம் பேசித் திரிகிற ஆசாமி, இப்போது தானே ஒரு கட்டுக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்கிறானே, இது என்ன யோக்கியதை?" என்று ஒரு நண்பர் கேட்டாராம். மற்றொருவர், "நாற்பது வயது தாண்டியவனுக்குச் சிறுபிள்ளைக் கதை எதற்கு?" என்றாராம். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சமாதானம் சொல்லவே எழுந்திருக்கிறேன். ஆனால், கதை இன்னதென்று தெரியாதவர்களிடம் சமாதானம் சொல்லிப் பிரயோஜனம் இல்லையாதலால் முதலில் கதையைச் சொல்லுகிறேன்.

எழுதியவர் ஜான் கிறிஸ்டோபர் என்கிற இங்கிலீஷ்காரர். அது புனைபெயர். சொந்தப் பெயர் சாம் யூட். 1922ல் பிறந்து 2012ல் இறந்தவர்; இரண்டாவது மகா யுத்தத்தில் பட்டாளத்தின் தந்திப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரியவர்களுக்காக அவர் 1956ல் எழுதிய ஒரு கதையில், புல் ஜாதிப் பயிர்களை எல்லாம் ஒரு நோய் அழித்துவிடுகிறது. நெல்லும் கோதுமையும் புல் ஜாதிதானே! சோறும் ரொட்டியும் இல்லாமல் போனால் மரியாதைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்பது அந்தக் கதை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நம் மூன்று புஸ்தகங்களும் சிறுவர்களுக்காக எழுதப்பட்டவை. "வெள்ளை மலைகள்", "பொன்னும் ஈயமுமான நகரம்" இரண்டும் 1967ம் வருஷத்திலும், "நெருப்புக் குளம்" 1968லும் வெளிவந்தன.

கதை நடக்கும் காலத்தில் பூமியை ஆளுகிறவர்கள் மனிதர்கள் அல்ல. வானளாவ நின்று மூன்று கால்களால் நடக்கும் உலோக யந்திரங்கள் ஆளுகின்றன. முக்காலி என்று மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் அடுப்படியில் கிடக்கும் பலகையை நினைத்துச் சிரித்துவிட்டார்கள். ஆகவே மூன்றுகாலி என்று வைத்துக்கொண்டேன். (மூன்று கால் யந்திரம் இவருடைய சொந்தக் கற்பனை அல்ல. எச். ஜி. வெல்ஸ் என்பவர் 1898லேயே தமது கதையில் செவ்வாய்க் கிரகத்தாருக்கு அதைக் கொடுத்திருக்கிறார்.) பெரிய நகரங்கள் இடிந்து கிடக்கின்றன. ஜனங்கள் சிறு கிராமங்களில் குதிரை வண்டியும் ஏர்க்கலப்பையுமாய்ப் பிழைக்கிறார்கள். ஒரு கைக்கடிகாரம் இருந்தால் அது பெரிய பொக்கிஷம். அது மாதிரி மற்றொன்று செய்ய எவருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்குப் பதினாலு வயது நெருங்கினால் ஊரில் ஒரு விழா. மூன்றுகாலி வந்து நிற்கும். நீண்ட கை ஒன்று இறங்கும். பிள்ளையை உள்ளே தூக்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது தலை மொட்டை. மண்டையோடு சேர்த்து ஒரு உலோக வலை பதிக்கப்பட்டிருக்கும். இதற்குத் தொப்பி என்று பெயர். விருந்து நடக்கும், எல்லோரும் மகிழ்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் சந்தேகப்படமாட்டான். மூன்றுகாலி செய்வதெல்லாம் நன்மைக்கே என்பான்.

வில் என்கிற பையன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தான். அவனுடைய உயிர்த் தோழன் ஜாக், கொஞ்சம் கேள்வி கேட்கிற பிள்ளை. தொப்பி இல்லாமலே இருந்தால் என்ன என்று யோசித்தவன். அவன் முறை வந்து தொப்பி போட்டுக்கொண்டு திரும்புகிறான். முகம் அதே முகம். குணம்கூட நல்ல குணந்தான். ஆனால் இருவரும் சேர்ந்து கட்டிய குடிசையும், பேசிய பேச்சும் அவனுக்கு இப்போது வேண்டியதாக இல்லை. இந்த இடத்தை நான் வாசித்து நிறுத்தியபோது, எழுத்தறியாத என் தாயார் திண்ணையிலிருந்து, "அப்போ பிள்ளை போயிட்டான்னு சொல்லு. உடம்புதான் வந்திருக்கு" என்றார்கள். பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை.

பிறகு பைத்தியக்காரன் வேஷத்தில் ஒரு ஆள் வந்து, தொப்பி போடாத மனிதர்கள் தெற்கே வெள்ளை மலைகளில், அதாவது சுவிட்ஜர்லாந்து தேசத்து ஆல்ப்ஸ் மலையில், ஒளிந்து வாழ்கிறார்கள் என்று வில்லுக்குச் சொல்லுகிறான். வில் ஓடிப்போகிறான், அவனுக்குப் பிடிக்காத சிற்றப்பன் பெரியப்பன் மகன் ஹென்றியும் ஒட்டிக்கொள்கிறான். கடல் தாண்டிப் பிரான்சில் மூன்றாவது பையன் சேருகிறான். நெட்டையாய், ஒல்லியாய், தானே கண்ணாடிச் சில்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்துகொண்டவன். அவன் பெயரைத் திரித்து இங்கிலீஷ் பையன்கள் அவரைப்பந்தல் கம்பு என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் வைக்கிறார்கள். நாங்கள் "ஒட்டடைக்கம்பு" என்று வைத்தோம். இப்போது இந்த ஊரில் அந்தப் பெயரால் கூப்பிடப்படுகிற பையன் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அது என் குற்றமே.

இடிந்து கிடக்கும் பாரிஸ் நகரத்துச் சுரங்கத்தில் இவர்களுக்கு முட்டை மாதிரி இரும்புக் குண்டுகள் அகப்படுகின்றன. என்னவென்று தெரியாமல் ஒன்றின் முளையைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்! பிள்ளைகளுக்கு இது போதும். பட்டினி, மழை, வழிச்சண்டை, வில்லின் அக்குளில் மூன்றுகாலி ரகசியமாய்ப் பதித்துவிட்ட உலோகக் குமிழை ஒட்டடைக்கம்பு கத்தியால் அறுத்தெடுப்பது, எல்லாம் அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். பேரனைக் கூப்பிட்டுப் போக வந்த ஒரு பெரியவர், "அறுத்தானா இல்லையா, அதைச் சொல்லிட்டு நிறுத்து" என்று உட்கார்ந்தவர் அத்தியாயம் முடிந்துதான் எழுந்தார். அடுத்த நாள் பேரனுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

ஆனால், பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளும் இடம் வேறு என்று கண்டேன். வில்லுக்கு வழியில் ஜுரம் கண்டு ஒரு பிரபுவின் மாளிகையில் கிடக்கிறான். அங்கே உள்ளவர்கள் எல்லோரும் தொப்பிக்காரர்கள். ஆனால் எவ்வளவு அன்பானவர்கள்! மகனைப் போலக் கவனிக்கிறார்கள். இங்கேயே தங்கித் தொப்பி போட்டுக்கொண்டால் என்ன, மலையில் போய்க் குளிரில் சாவதைவிட இது மேலல்லவா என்று வில் நினைக்கத் தொடங்குகிறான். இதை எழுத ஒரு தைரியம் வேண்டும். அடிமைத்தனம் என்றால் சாட்டையும் சங்கிலியும் என்று எழுதுவது சுலபம். சோறும் அன்பும் மரியாதையும் கொடுத்து, யோசிக்கும் வேலையை மாத்திரம் எடுத்துக்கொள்ளும் அடிமைத்தனத்தை இந்த மனிதர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார். அந்த உலகத்தில் யுத்தம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இரண்டாவது புஸ்தகத்தில் பையன்கள் போலித் தொப்பி அணிந்து, எஜமானர்கள் வசிக்கும் நகரத்துக்கே வேவு பார்க்கப் போகிறார்கள். உள்ளே போக வேண்டுமானால் விளையாட்டுப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு, எஜமானர்களுக்கு அடிமையாகிச் சீக்கிரம் சாவது! அதைப் பெரும் பாக்கியமென்று ஊரே கொண்டாடுகிறது. பொன்னிற மதில், உள்ளே உடம்பை ஈயமாய் அழுத்தும் கனம், மனிதன் சுவாசிக்க முடியாத பச்சைக் காற்று. எஜமானன் ஒவ்வொருவனும் மனிதனைப்போல் இரு மடங்கு உயரம், மூன்று கால், மூன்று கண். உழைத்து ஓய்ந்த அடிமை தானாகவே போய்ச் சாவதற்கு ஒரு இடம். அதற்கு "இன்ப விடுதலை" என்று பெயர்! நல்ல பெயர் வைப்பதில் எல்லா எஜமானர்களும் கெட்டிக்காரர்கள்.

போலித் தொப்பிக்காரன் எந்நேரமும் மெய்த் தொப்பிக்காரனைப் போலவே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே நம் தையற்காரத் தோழர் குறுக்கிட்டு, "நான் வருஷா வருஷம் திருவிழா வரி கொடுத்துவிட்டுக் கைகூப்பி நிற்பதும் இப்படித்தானய்யா" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் சிரிக்கவில்லை.

சரி, கட்டுக்கதை என்கிற ஆக்ஷேபணைக்கு வருகிறேன். இதுவும் பொய்தான், யார் இல்லையென்றது? ஆனால், இந்தப் பொய்யை எழுதியவர் அட்டையிலேயே கதை என்று போட்டுவிட்டார். மூன்றுகாலிக்கு எவனும் தேங்காய் உடைப்பதில்லை. பாதியில் மூடிவைத்தால் பாவம் வரும் என்று எவனும் பயப்படுவதில்லை. இன்னொரு சங்கதி கேளுங்கள். இந்தக் கதையைப் பற்றி ஒரு குறை சொல்லப்பட்டது. "ராத்திரியில் விளக்கடித்துத் தேடுகிற இந்த ஓட்டை யந்திரங்களா, பீரங்கியும் ஆகாய விமானமும் வைத்திருந்த மனிதர்களை ஜெயித்திருக்கும்?" என்பது கேள்வி. நியாயமான கேள்வி. ஆசிரியர் என்ன செய்தார்? கேட்டவனை நாஸ்திகன் என்றாரா? நாக்கு அழுகும் என்றாரா? இருபது வருஷம் கழித்து, 1988ல், "மூன்றுகாலிகள் வந்தபோது" என்று முன்கதை ஒன்றே எழுதினார். அதில் முதலில் வந்து இறங்கும் மூன்றுகாலிகள் பட்டாளத்தாரிடம் சுலபமாய்த் தோற்றே போகின்றன. அப்புறம் அவை டெலிவிஷன் பெட்டி வழியாக, சிரிப்பூட்டும் ஒரு சித்திரக் காட்சி காட்டி, பார்க்கிறவர்கள் மனதை வசியப்படுத்துகின்றன. ஜனங்கள் தாங்களாகவே தொப்பியை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் இன்னும் நல்ல கதையாக ஆகிற பொய்யும், கேள்வி கேட்டால் உதைக்க வருகிற பொய்யும் ஒன்றா என்று கேட்கிறேன்.

டெலிவிஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் பி.பி.சி. 1984லும் 1985லும் இந்தக் கதையை நாடகமாக ஒளிபரப்பிற்று. இரண்டு புஸ்தகம் வரையில் காட்டிவிட்டு, மூன்றாவதை எடுக்காமலே நிறுத்திவிட்டார்கள். தப்பி வந்த பையன்கள் மலைக்குத் திரும்பினால் அவர்கள் இடம் அழிந்து கிடக்கிறது, அதோடு சரி! நல்லவேளை, நமக்குப் புஸ்தகம் இருக்கிறது.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாளிகையில் எலோயிஸ் என்று ஒரு பெண் வருகிறாள். வில்லுக்கு அவள்மேல் பிரியம். அவள் தலையைச் சுற்றியிருக்கும் துணியை விளையாட்டாய் இழுக்கிறான். உள்ளே ஏற்கனவே தொப்பி. பந்தய விழாவில் அவளை அழகு ராணியாய்ப் பொறுக்கி எடுத்து மூன்றுகாலிகளிடம் அனுப்புகிறார்கள். சந்தோஷமாய்ப் போகிறாள். பிறகு நகரத்தில் வில் அவளைக் காண்கிறான், பட்டாம்பூச்சியைக் குத்தி வைத்த மாதிரி, அழகான பெண்களின் உடல்களை வைத்திருக்கும் காட்சிசாலையில். வாசிக்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் என் மகள் அழவில்லை, கோபித்துக்கொண்டாள். "ஓடிப்போறது, சண்டை போடறது எல்லாம் பையன்கள். பொண்ணு வந்தா அவளைக் கண்ணாடிக்குள்ள வைக்கிறதா? ஒரு பொண்ணுகூட மலைக்கு ஓடிப்போக நினைக்கலையா?" என்றாள். ஆசிரியருக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை. எஜமானர்கள் தலைக்கு மாட்டியது ஒரு தொப்பி என்றால், எழுதியவர் தலையிலும் ஒன்று இருந்திருக்கிறது என்றுதான் சொன்னேன்.

மூன்றாவது புஸ்தகத்தின் முடிவை முழுவதும் சொல்லமாட்டேன்; பிள்ளைகள் அடிக்க வருவார்கள். எஜமானர்களை வீழ்த்தும் ஆயுதம் சாராயம் என்பதை மாத்திரம் சொல்லலாம். பிடிபட்ட எஜமானன் ஒருவனைக் கொண்டு அது தற்செயலாய்த் தெரியவருகிறது. பிறகு நகரங்களின் தண்ணீரில் அதைக் கலக்கிறார்கள். ஆனால் வெற்றிக்குப் பின் வருகிற கடைசி அத்தியாயத்தைப் பெரியவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். சுதந்தரம் வந்து எல்லாத் தேசத்தாரும் ஒரு சபையில் கூடுகிறார்கள். கூடிச் சண்டை போடுகிறார்கள். இத்தனை காலம் வழி நடத்திய ஜூலியஸ் என்கிற கிழவரையே தள்ளிவிடுகிறார்கள். பையன்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாகிறது. சிறுவர் கதையை இப்படி முடிக்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு இந்த இடந்தான் ஆசிரியரிடத்தில் மரியாதையை உண்டாக்கிற்று.

என் மகளுக்கு வருகிற வருஷம் பதினாலு. கதை முடிந்த ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒன்று கேட்டாள். "அப்பா, தொப்பி போட்ட ஜாக்கும் தானே யோசிச்சுத்தான் இப்படி நினைக்கிறேன்னுதானே நினைச்சிருப்பான்? நீங்க மேடையில பேசறதெல்லாம் நீங்களே யோசிச்சதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நானும் இருபது வருஷமாய் மேடை ஏறுகிறவன். எத்தனையோ பண்டிதர்கள் எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி யாரும் கேட்டதில்லை. "நான் சொல்வதில் உனக்குச் சந்தேகமாய் இருப்பதைக் கேள், நான் பதில் சொல்கிறேனா, கோபப்படுகிறேனா என்று பார்" என்றேன். மூன்று கேட்டாள். இரண்டுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு முதல் புஸ்தகத்தை மறுபடி ஆரம்பிக்கிறோம். போன தடவை வராதவர்கள் வரலாம். பெண்கள் தாராளமாய் வரலாம். உட்காரப் பாய் கொண்டுவரவும். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷ் அகராதியைப் புரட்டிப் படித்தது. ஆகவே தவறாய் மொழிபெயர்த்தால் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே திருத்தலாம். முடிவாக ஒரு வேண்டுகோள். இரண்டாவது புஸ்தகத்தை அலமாரியிலிருந்து யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்தாய்விட்டது, அவர்களில் யாருமில்லை. எடுத்த பெரியவர் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் படித்து முடித்து அலமாரியில் வைத்துவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.