அயன்மொழி கட்டாயமா, விருப்பமா?

(பெரியபாளையத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக மாணவர் அயன்மொழி ஒன்றைக் கட்டாயமாகப் பயிலல் வேண்டுமா என்பது எனக்குத் தரப்பெற்ற பொருள். இவ்வினாவை எழுப்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நம் மாணவர் ஏற்கெனவே ஓர் அயன்மொழியைக் கட்டாயமாகப் பயின்றுகொண்டுதான் உள்ளனர். அதன் பெயர் ஆங்கிலம்!

தமிழ்நாட்டுக் கலை, அறிவியற் கல்லூரிகளின் பாட அமைப்பை நோக்குங்கள். பகுதி 1 மொழிப்பாடம். பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடம். பகுதி 2-க்கு மாற்றில்லை. பகுதி 1-க்கோ மாற்று உண்டு. தமிழை விடுத்து இந்தியோ வடமொழியோ பிரெஞ்சோ எடுத்துக்கொள்ளலாம். அஃதாவது, தமிழ்நாட்டில் அயன்மொழி கட்டாயம், தமிழ் விருப்பம்! பிரெஞ்சை எடுப்போருட் பலர் அம்மொழிமேற் கொண்ட பற்றினால் எடுப்பதில்லை. தொடக்கநிலைத் தாளில் மதிப்பெண் எளிதிற் குவியும் என்பதற்காகவே எடுக்கின்றனர். முடிவில் பிரெஞ்சும் நாவில் வருவதில்லை. தமிழும் நெஞ்சில் தங்குவதில்லை. இவர்க்கெனப் பகுதி 4-இல் ஒரு சிறு தமிழ்த்தாள் வைத்துள்ளனர். அஃது உணவன்று, ஊறுகாய்!

பொறியியற் கல்வியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழிக் கற்பிக்கும் வகுப்புகள் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல்தான் தொடங்கின. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் தாள்கள் 2022-இல்தான் பாடத்திட்டத்திற் புகுந்தன.

இவ்வமைப்பால் நோவோர் யாவர்? நம்மூர்ப் பிள்ளைகளே. தமிழ்வழியிற் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளை, வேதியியலிலோ வணிகவியலிலோ நன்கு தேறினும், ஆங்கிலத் தாளில் நிலுவை வைத்தால் பட்டம் கைக்கு வாராது. அப்பிள்ளையின் தலைமேல் இன்னோர் அயன்மொழியையும் கட்டாயமாக ஏற்றுவது, முன்னரே தள்ளாடும் மாட்டின்மேல் மற்றுமொரு மூட்டையைச் சுமத்துவதாகும்.

"ஐயா, திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும், ஆந்திர எல்லைக்கு அப்பால் சிறீசிட்டியிலும் அயல்நாட்டு நிறுவனங்கள் வந்துள்ளனவே! சப்பானியமும் கொரியமும் அறிந்தால் வேலை கிடைக்காதா?" என்று கேட்பீர்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. வேண்டுவோர் பயில்க, நன்றாகவே பயில்க. ஆனால், சிலர்க்குப் பயன்படும் என்பதற்காக அனைவர்மேலும் சுமத்துதல் முறையாகாது.

மொழியைக் கற்பிப்பது தேவையும் ஆர்வமுமே. ஆரணியாற்றங்கரையிலுள்ள இவ்வூரிலிருந்து ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திர எல்லை. நம் காய்கறி வணிகர் தெலுங்கில் விலை பேசுகின்றனர். எப்பல்கலைக்கழகம் அவர்க்குக் கட்டாயத் தாள் வைத்தது?

தனித்தமிழர் பிறமொழிக்குப் பகைவர் என்பது வீண்பழி. 1916-இல் தனித்தமிழ் இயக்கங்கண்ட மறைமலையடிகள் ஆங்கிலத்தில் வல்லவர். வடமொழிச் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். பன்மொழிப் புலவரான தனிநாயக அடிகள், 1679-இல் அச்சான தமிழ் - போர்ச்சுகீசிய அகரமுதலியை வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்தார். 1966-இல் அது மறுபதிப்பாயிற்று. அவர் கற்ற அயன்மொழிகள் தமிழுக்குத் தொண்டு செய்தன. நாம் எதிர்ப்பது கல்வியையன்று, திணிப்பை. அத்திணிப்பை எதிர்த்த போரில், 1965 சனவரி 27-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துமுக்கிக் குண்டுக்கு உயிரீந்தார். அவரும் ஒரு கல்லூரிப் பிள்ளையே என்பதை மறவாதீர்.

சப்பானியப் பல்கலைக்கழகங்களிலும் அயன்மொழி கற்பிக்கின்றனரே என்பர். உண்மை. ஆனால் ஆங்கு இயற்பியலும் பொறியியலும் பெரும்பாலும் சப்பானியத்திலேயே கற்பிக்கப்பெறுகின்றன. அடித்தளம் தம்மொழி, அதன்மேல் எழுப்பிய மாடம் அயன்மொழி. நாமோ அடித்தளமின்றி மாடங்கட்ட முனைகின்றோம்.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன்.

ஒன்று: கலை, அறிவியல், பொறியியல், மருத்துவம் என எப்பட்டமாயினும் தமிழ்நாட்டிற் பெறுவோர் தமிழை முழுத்தாளாகப் பயிலல் வேண்டும். பிறமாநிலத்தார்க்குத் தொடக்கநிலைத் தமிழ் வைக்கலாம்.

இரண்டு: ஆங்கிலம் உட்பட அயன்மொழி யாவும் விருப்பப் பாடங்களாகல் வேண்டும். விரும்பி வருவோர்க்கு நல்லாசிரியரும் நூல்களும் அரசுக் கல்லூரிகளிலேயே கிடைத்தல் வேண்டும். பணமுள்ளார்க்கு மட்டும் அவை வாய்த்தல் போதாது.

மூன்று: அயன்மொழிகளைத் தமிழ்வழியே கற்பித்தல் வேண்டும். சப்பானியம் தமிழைப் போலவே வினையைத் தொடரின் ஈற்றிற் கொள்வது. வேற்றுமை காட்டும் உருபும் பெயர்க்குப் பின்னரே வரும். 'தோக்கியோ கர' என்றால் 'தோக்கியோவிலிருந்து' என்பது பொருள். இத்துணை நெருங்கிய அமைப்பை ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்பிப்பது, ஆரணியாற்றின் அக்கரைக்குச் செல்லச் சென்னையைச் சுற்றி வருவது போலாம்!

பெற்றோரே! அரசு செய்யட்டும் என்று வாளாவிருத்தல் வேண்டா. அடுத்த கல்லூரிச் சேர்க்கையின்போது, விண்ணப்பத்திற் பகுதி 1 எனக் குறித்த இடத்தில் உம் பிள்ளை என்ன எழுதுகின்றது என்பதை அருகிலிருந்து பாருங்கள். அங்கே 'தமிழ்' என்று எழுதச் செய்யுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் கல்வி!