மையில் ஓடும் மின்சாரம்



குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மரத்தில் வழியும் பாலில் நீரும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்களும் உண்டு. நீர் வற்றியதும் வெட்டுக் கோட்டில் ரப்பர் மட்டும் ஒட்டிக்கொள்ளும். திரவத்தை வேண்டிய இடத்தில் இட்டு உலரவிட்டால், வேண்டிய வடிவில் பொருள் கிடைக்கிறது. இந்த வழியில்தான் இன்று மின்சாரம் ஓடும் பாதைகளையும் அச்சிடுகிறார்கள்.

அப்படி அச்சிட்ட பொருள் நம்மில் பலர் வீட்டிலேயே இருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்கள் இரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைத் துண்டுதான் அது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? திருவிழாச் சட்டைகளில் எழுத்து அச்சிட, வலைத்திரையின்மேல் மையை ஊற்றித் தேய்ப்பதைப் பார்த்திருப்போம். முறை அதேதான். ஆனால் இந்த மையில் சாயத்துக்குப் பதில் கரித்துகள் இருக்கிறது. பிளாஸ்டிக் தகட்டில் அது காய்ந்தால் மின்சாரம் ஓடும் கோடாகிறது. கோட்டின் நுனியில் நொதி என்ற புரதத்தை இட்டு உலர்த்துகிறார்கள். இரத்தம் பட்டதும் நொதி அதிலுள்ள சர்க்கரையோடு வினைபுரிய, சிறு மின்னோட்டம் எழுகிறது. சர்க்கரை கூடினால் அதுவும் கூடும். கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்களின் உழைப்பால் இவ்வகைத் துண்டு 1987இல் விற்பனைக்கு வந்தது.

மேசையில் சிந்திய கோப்பித்துளி காய்ந்தால் ஓரத்தில் கருவளையம் விழும். ஓரம் விரைவாக உலர்வதால் நடுவிலிருந்து திரவம் அங்கே ஓடுகிறது, துகள்களையும் இழுத்துச் செல்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதை 1997இல் விளக்கினர். மையிலும் அப்படி நேர்ந்தால் கோடு சீராக இராது. அதனால் மையின் கெட்டியையும் உலரும் வேகத்தையும் அவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இனி கவனம் நம்முடையது. நொதிக்கு ஈரமும் சூடும் ஆகாது. ஆகவே துண்டை எடுத்ததும் புட்டியை மூடிவிடுவோம், அடுப்படியில் வைக்க வேண்டாம். தேதி கடந்த துண்டு வேண்டாம். பழம் உரித்த கையோடு குத்தினால் எண் பொய்யாக ஏறும். கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்துவோம். ஓர் எண்ணைப் பார்த்து நாமாகவே மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எழுதி வைத்துக் கிளினிக்கில் காட்டுவோம்.

பாட்டிக்கு எண்ணைப் படித்துச் சொல்லும் பிள்ளைகளே, அந்தப் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.