பதில் வராவிட்டால் மேன்முறையீடு
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டப் பட்டியலில் என் பெயர் உண்டா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்று நாள் பேர் போனதுதான் மிச்சம்.

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மறுத்தால், 14 நாட்களுக்குள் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எனக்கு இரண்டாம் படியிலேயே பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. ஆனால் ‘இல்லை’ என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தான் சங்கம் பேசப் போகிறது. திகதியைத் தவறவிடாதீர்கள்.